சிவப்புச் செவுள்

அத்தியாயம் மூன்று

காலை எட்டு மணிக்கே தெரு வெந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்த பெரியவளின் முகத்தில் வந்து மோதிய காற்று, யாரோ பல் விளக்காமல் விட்ட மூச்சு மாதிரி இருந்தது.

"என்னடி இது, ஊரா உலையா?"

"இது குளிர்ற நேரம். மத்தியானம் வரட்டும், அப்புறம் சொல்லு," என்றாள் நெட்டை, செருப்பை மாட்டிக்கொண்டே.

நேற்று சாயங்காலம் விமான நிலைய வாசலில் தங்கையின் முகத்தைத் தேடித் தேடிக் கண் பூத்துப்போயிருந்த பெரியவளின் முன்னால் வந்து நின்றவள் இந்த நெட்டைதான். "சின்னவ வரல. நாப்பது நாள் குழந்தைய விட்டுட்டு எப்படி வருவா? இன்னிக்கு என் ரூம்ல படு. நாளைக்கு ஊரைச் சுத்திக் காட்டறேன். சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல அவ வீட்டுக்குப் போயிடலாம்."

பெற்றவர்கள் போன பிறகு சின்னவளை வளர்த்தவள் பெரியவள்தான். பள்ளிக்கு அனுப்பினாள், கல்லூரிக்கு அனுப்பினாள், கடைசியில் விமானத்திலும் ஏற்றி அனுப்பினாள். போன இடத்தில் ஒருவனைப் பிடித்துப்போய் அங்கேயே பதிவுத் திருமணம். நாலு வருஷமாக நேரில் பார்க்கவில்லை. இப்போது ஒரு மாத விசாவில் வந்திருப்பது ஒரே காரியத்துக்கு. குழந்தையைக் கையில் வாங்க வேண்டும். குளிப்பாட்ட வேண்டும், துவட்ட வேண்டும், தோளில் போட்டு முதுகைத் தட்ட வேண்டும்.

அதற்கு எதற்குச் சாயங்காலம் அஞ்சு மணி வரை காத்திருக்க வேண்டும் என்றுதான் விளங்கவில்லை.

பெரியவள் இருபது வருஷமாகச் சந்தையில் மீன் வெட்டுகிறவள். நெட்டையும் ஒரு காலத்தில் பக்கத்து வெட்டுக்கட்டையில் உட்கார்ந்து வெட்டியவள்தான். இப்போது இந்த ஊரில் இருபத்திரண்டு மாடி அலுவலகம் ஒன்றில் கக்கூஸ் கழுவுகிறாள். இன்று அவளுக்கு விடுமுறை. குடல், ரத்தம், ஈ, சேறு என்றே பிழைத்த பெரியவளுக்கு அருவருப்பு எங்கிருந்து வரும்? அருவருப்பெல்லாம் மற்றவர்கள் அவளைப் பார்த்துப் படுவது. பஸ்ஸில் அவள் உட்கார்ந்ததும் பக்கத்து சீட் தானாகக் காலியாகும். வசதி என்று காலை நீட்டிக்கொள்வாள்.

இந்த ஊர் வந்த முதல் நாளே அவளுக்கு அருவருப்பைக் கற்றுக்கொடுத்துவிட்டது.

நெட்டையின் அறையில் ஆறு கட்டில். ஆறு பெண்களுக்கும் ஒரு குளியலறை. காலையில் உள்ளே போனபோது தண்ணீர் வடியும் ஓட்டையில் ஆறு பேர் தலைமுடியும் சேர்ந்து செத்த எலி மாதிரிக் கிடந்தது. சுவரில் யாரோ ஒட்டிவிட்டுப் போன பிளாஸ்திரி. அதில் காயத்தின் பழுப்பு இன்னும் காயவில்லை. இரண்டு குழாய், இரண்டிலும் கொதிநீர்.

தெருவில் இறங்கினால் சாப்பாட்டுக் கடைகளின் பின்புறம். குப்பைத் தொட்டிக்கு அடியிலிருந்து கறுப்பாக ஒரு தண்ணீர் கோடிழுத்து வந்து, நடைபாதை நடுவில் தேங்கி, வெயிலில் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. பெரியவள் மூக்கைப் பொத்தினாள்.

நெட்டைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "யாரு, நீயா மூக்கைப் பொத்தற? கேமராவ எடுங்கடி!"

"மீன் நாறினா மீனுன்னு தெரியும். இது என்ன நாறுதுன்னே தெரியலையேடி."

பஸ் வந்தது. வெளியே நெருப்பு, உள்ளே ஐஸ். ஏறிய எல்லோருடைய வியர்வையும் அந்தக் குளிரில் உறைந்து, அதன் மேல் ஆளுக்கொரு சென்ட் பூசியிருந்தார்கள். ரோஜா மாதிரி ஒன்று, மிட்டாய் மாதிரி ஒன்று, ஆஸ்பத்திரி மாதிரி ஒன்று. உட்கார்ந்த சீட்டில் முன்னால் இருந்தவனின் ஈரம். அது பெரியவளின் துணி வழியாக ஏறித் தொடையைத் தொட்டது. அவள் எழுந்து கம்பியைப் பிடித்தாள். கம்பியும் பிசுபிசுவென்றிருந்தது.

"எதைத் தொட்டாலும் யாரோ தொட்டது மாதிரியே இருக்கு."

"தொட்டதுதான். நாப்பது லட்சம் பேர் இருக்கான் இந்த ஊர்ல. உனக்குன்னு தனியாக் கம்பி வைப்பானா?"

நெட்டை முதலில் கூட்டிப்போனது ஒரு பெரிய நீரூற்றுக்கு. வெளியூர்க்காரர்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்று படமெடுத்துக்கொள்வார்களாம். கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே தண்ணீர் இரண்டு ஆள் உயரத்துக்கு எழும்பி விழுந்தது. தூரத்திலிருந்து பார்க்க அழகுதான். கிட்டே போனால் தொட்டியின் விளிம்பு முழுக்கப் பாசி. காகித டம்ளர், மென்று துப்பிய மிட்டாய்ப் பசை, ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு. காற்று திரும்பியபோது சாரல் அவள் உதட்டில் பட்டது. வெதுவெதுப்பாக இருந்தது.

துப்பினாள். இரண்டு தடவை துப்பினாள்.

"துப்பாதடி, அபராதம் போடுவான்!"

"அவன் என் வாய்க்குள்ள துப்பினதுக்கு யார் போடுவா அபராதம்?"

அங்கேயே போட்டோவும் எடுத்தார்கள். படத்தில் பெரியவள், யாரோ வயிற்றில் குத்தின மாதிரி நிற்கிறாள். நெட்டை அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். ஆனால் சிரிப்புக்கு நடுவே இரண்டு முறை மணியைப் பார்த்ததையும், சட்டைப் பைக்குள் கைவிட்டு எதையோ தொட்டுப் பார்த்துக்கொண்டதையும் பெரியவள் கவனித்தாள். இருபது வருஷம் கூட்டத்தில் உட்கார்ந்து கத்தி பிடித்தவளுக்கு, எதிரில் நிற்பவர் கை எங்கே போகிறது என்று பார்க்காமல் இருக்க வராது.

அடுத்துப் போனது நகம் திருத்தும் கடை.

"இங்க எதுக்குடி?"

"சும்மா ஒரு சுகத்துக்கு. எல்லாரும் பண்ணிக்கறாங்க. உட்காரு."

கடைக்காரப் பெண் பெரியவளின் கையைப் பிடித்துத் திருப்பினாள். ஒரு நொடி அப்படியே நின்றாள். பிறகு உள்ளே போய் முகமூடி மாட்டிக்கொண்டு வந்தாள். மெல்லிய கம்பியை நகத்துக்கு அடியில் விட்டு நோண்டினாள். சாம்பல் நிறத்தில் பசை மாதிரி வந்தது. அதை வெள்ளைத் துணியில் துடைத்தாள். மறுபடி நோண்டினாள், மறுபடி வந்தது. பத்து விரலுக்கும் அப்படி. துணியில் பத்துக் கோடு.

பெரியவள் அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரைப் பார்த்து வந்த குமட்டல் முதல் தடவையாகத் தன் பக்கம் திரும்பியது. எலுமிச்சை தேய்த்துக் குளிக்கிறவள்தான். பயணத்துக்கு முன்னால் மூன்று நாள் கட்டையைத் தொடவே இல்லை. இருந்தும் உள்ளே இவ்வளவு இருந்திருக்கிறது.

நகக் கடை முடிந்ததும் பெரிய அங்காடி ஒன்றின் துணிப் பகுதி. நெட்டை நீளக் கை வைத்த சட்டையாகப் பொறுக்கினாள்.

"இந்த வேக்காட்டுல முழுக்கையா? கிறுக்கா உனக்கு?"

"உனக்கு எடுப்பா இருக்கும்டி."

"எனக்கு எது எடுப்பா இருக்கும்னு நீ எப்பலேர்ந்து கவலைப்பட ஆரம்பிச்ச? என்னடி வச்சிருக்க பையில?"

"ஒண்ணுமில்ல."

"எடு."

நெட்டையால் பெரியவளிடம் பொய் சொல்லி நிலைத்து நிற்க முடியாது. அது இன்று நேற்றைய விஷயமில்லை. வியர்வையில் நனைந்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள்.

உருட்டி உருட்டி எழுதின கையெழுத்து. யாருடையது என்று படிக்காமலே தெரிந்தது. அந்தக் கையெழுத்து அப்படி உருண்டு வருவதற்காக எத்தனை கூடை மீன் வெட்டியிருப்பாள்! பெரியவள் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். நின்ற இடத்திலேயே படித்தாள்.

நகம். முழுக்கைச் சட்டை, வெட்டுக்காயத் தழும்பு தெரியக்கூடாது. தலைக்கு இரண்டு தடவை ஷாம்பு. நல்ல சென்ட். அஞ்சு மணிக்கு முன்னால் வேண்டாம். கடைசியாக, கீழே கோடு போட்டு: டீச்சர் என்று சொல்லியிருக்கிறேன்.

சுற்றிலும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பெரியவள் காகிதத்தை மடித்தாள்.

"ஊரைச் சுத்திக் காட்டறேன்னு சொன்னியே, இதுதானா? மாட்டக் கழுவி ஓட்டிட்டுப் போற மாதிரி?"

"என் மேல பாயாத. நான் முடியாதுன்னுதான் சொன்னேன். 'அப்படின்னா அக்கா வரவே வேண்டாம், குழந்தை போட்டோவ அனுப்பிடறேன்'னுட்டா. நீ டிக்கெட் எடுத்து முடிச்சுட்ட. நான் என்னடி பண்றது?"

"அவ மாமியாருக்கு என்னைப் பத்தி..."

"அம்மா ஸ்தானத்துல வளர்த்த அக்கா, டீச்சர், ரொம்பக் கண்டிப்பு. அவ்வளவுதான் தெரியும்." நெட்டை குரலைத் தாழ்த்தினாள். "சட்டையப் போட்டுக்கோ. ஒரு மாசம் குழந்தைய வச்சுக் கொஞ்சிட்டுப் போ. என் மாடியில இருக்கறவங்களுக்கு என் பேர் கூடத் தெரியாது, 'ஏய்'ன்னுதான் கூப்பிடறான். நான் என்ன செத்தா போயிட்டேன்?"

பெரியவள் சட்டையைப் போட்டுக்கொண்டாள். சென்ட் விற்பவள் மணிக்கட்டில் அடித்துவிட்டாள். பஸ்ஸில் வந்த அதே ரோஜா.

வெளியே போகிற வழியில், அங்காடியின் கீழ்த்தளத்தில், கால் தானாக நின்றது.

மீன். ஐஸ் மேடையில் வரிசையாகப் படுக்க வைத்து, மேலே விளக்குப் போட்டு, பக்கத்தில் எலுமிச்சைத் துண்டு வைத்து, ஏதோ கல்யாண மண்டபம் மாதிரி அலங்காரம். பெரியவளுக்குக் காலையிலிருந்து முதல் தடவையாக முகம் தெளிந்தது. பழகின முகங்களைப் பார்த்த மாதிரி கிட்டே போனாள். போனதும் தெளிவு மறைந்தது. கண்ணெல்லாம் உள்ளே குழிந்து, மேலே பால் படிந்த மாதிரி இருந்தது. ஆனால் செவுள் மட்டும் செக்கச்செவேல்.

கண் செத்து ஒரு வாரம், செவுளுக்கு மட்டும் எப்படி இன்றைக்கு உயிர்?

யோசிப்பதற்குள் கட்டைவிரல் செவுளுக்குள் போயிருந்தது. இருபது வருஷப் பழக்கம். அவளைக் கேட்டா கை செய்கிறது! வெளியே எடுத்தபோது விரல் நுனி சிவந்திருந்தது. ரத்தம் என்றால் தேய்த்தால் பழுப்பாகும். இது ஆகவில்லை.

"சாயம்டி. சாயம் பூசியிருக்கான்!"

கையுறை போட்ட விற்பனைக்காரன் ஓடி வந்து, தொடாதே என்று சைகையில் விரட்டினான். தொட்ட இடத்தை அவள் கண்ணெதிரே மருந்தடித்துத் துடைத்தான். அவளைப் பார்த்துக்கொண்டே துடைத்தான்.

"எங்க கட்டையில கெட்டுப்போனா பூனைக்குப் போடுவோம்டா," என்றாள் பெரியவள் தமிழில். "சென்ட் அடிச்சு விக்க மாட்டோம்."

நெட்டை அவளை இழுத்துக்கொண்டு போனாள். கழிப்பறையில் சோப்புப் போட்டுத் தேய்த்தும் விரலின் சிவப்பு போகவில்லை. இப்போதுதான் சுத்தம் செய்த நகத்துக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டது.

சரியாக அஞ்சே கால் மணிக்கு, ஒரு உயரமான குடியிருப்பின் லிப்ட் வாசலில் நெட்டை நின்றுவிட்டாள். "பன்னெண்டாவது மாடி. நான் வரல. கக்கூஸ் கழுவறவளுக்கு டீச்சர் எப்படி ஃப்ரெண்டுன்னு கேப்பாங்க."

கதவைத் திறந்தவள் சின்னவள். சதை போட்டிருந்தாள், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "அக்கா!" என்று கட்டிக்கொண்டாள். பெரியவளும் கட்டிக்கொண்டாள். நாலு வருஷம். அந்த முதுகைத் தடவியபோதுதான் தெரிந்தது: தங்கையின் நெஞ்சு ஏறி இறங்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, சின்னதாக ஒரு முறை முகர்ந்தாள். ரோஜா. உடனே தோள் தளர்ந்தது.

"வாங்க டீச்சரம்மா, வாங்க!" மாமியார் குழந்தையோடு வந்தாள். வாய் நிறையச் சிரிப்பு. கெட்ட மனுஷியாகத் தெரியவில்லை. "உங்களப் பத்திச் சொல்லாத நாள் கிடையாது இவ. முதல்ல பேரனை வாங்கிக்கோங்க."

பெரியவள் கையை நீட்டினாள். மாமியாரின் கண் கட்டைவிரலில் நின்றது. "என்ன சிவப்பா?"

"மை அத்தை," என்றாள் சின்னவள், மூச்சுவிடும் நேரம் கூட எடுக்காமல். "பரீட்சைப் பேப்பர் திருத்தற மை. வர்ற வரைக்கும் திருத்திட்டே இருந்திருக்கா."

"லீவுலயுமா? அடப் பாவமே. என் பசங்க டீச்சர் ஒருத்தரும் இப்படி விரல் சிவக்கத் திருத்தினதில்ல."

குழந்தை கைக்கு வந்தது. ஒரு நல்ல வாளை மீனின் கனம்தான் இருக்கும். அப்படித் தோன்றியதற்குத் தன்னையே திட்டிக்கொண்டாள். உச்சந்தலையில் மூக்கை வைத்தாள். புளித்த பால், கொஞ்சம் வியர்வை. காலையிலிருந்து இந்த ஊரில் அவள் விரும்பி இழுத்த முதல் மூச்சு அது. இன்னும் ஒன்று இழுத்தாள். போதும், டீச்சரோ கலெக்டரோ, எதுவாக வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகிறேன் என்று நினைத்தாள்.

"சமையலறைக்கே வாங்க, பேசிட்டே வேலைய முடிச்சுடலாம்," என்றாள் மாமியார். "என் பையன் ஷிப்டுக்குப் போறதுக்கு முன்னால உங்களுக்காக மீன் வாங்கி வச்சுட்டுப் போயிருக்கான். முழு மீன்! வெட்டற இடத்துல கூட்டம்னு அப்படியே தூக்கிட்டு வந்துட்டான். எனக்கு இதெல்லாம் வெட்டி வழக்கமில்ல. எப்படியோ பண்ணிக்கலாம்."

பையைப் பிரித்தாள். பையில் மத்தியானம் பார்த்த அங்காடியின் முத்திரை. உள்ளே குழிந்த கண், செக்கச்செவேல் செவுள்.

பெரியவள் குழந்தையை இறுக்கிப் பிடித்தாள்.

"பெரிய கடை, விலையும் அப்படி," மாமியார் செவுளைத் தூக்கிக் காட்டினாள். "மீன் புதுசான்னு பாக்கணும்னா இதைத்தான் பாக்கணும். சிவப்பா இருக்கணும். டீச்சருக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்காது."

"ராத்திரிச் சாப்பாடு... குழந்தைக்குப் பால் கொடுக்கறவ... மீன் வேண்டாமே," என்றாள் பெரியவள்.

"அவளுக்காகத்தானே! மீன் சாப்பிட்டாத்தான் பால் ஊறும். முதல் துண்டு இவளுக்குத்தான்."

பெரியவள் தங்கையைப் பார்த்தாள். சின்னவள் தண்ணீர் எடுக்கிற சாக்கில் நெருங்கி வந்தாள். "அக்கா, எனக்குத் தெரியும், உனக்குக் கை துறுதுறுன்னு இருக்கும்," என்றாள் உதட்டை அசைக்காமல். "அவங்களே கண்டபடி வெட்டட்டும். நீ வாயத் திறக்காத. ஒரு நாள்தான. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"மீன் கெட்டது."

"பொய் சொல்லாத. செவுள் சிவப்பா இருக்கு."

செவுளைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்ததே பெரியவள்தான். அது கூட மறக்கவில்லை இவளுக்கு.

மாமியார் கத்தியை எடுத்தாள். மீனின் முதுகில் வைத்து அழுத்தினாள். வழுக்கியது. மறுபடி வைத்தாள்.

பெரியவள் குழந்தையின் உச்சியில் இன்னொரு தடவை மூக்கை வைத்து, நெஞ்சு நிறைய இழுத்தாள். பிறகு போய், குழந்தையை மாமியாரின் மற்ற கையில் கொடுத்தாள்.

"கத்திய இப்படிக் குடுங்க சம்பந்தியம்மா."

"நீங்க எதுக்கு..."

"அக்கா!"

முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேலே சுருட்டினாள். தழும்புகள் வரிசையாக வெளியே வந்தன. கட்டைவிரலைச் செவுளுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். இரண்டும் ஒரே சிவப்பு.

"இது மை இல்லம்மா. மத்தியானம் இதே கடையில, இது மாதிரி ஒரு மீன் செவுள்ல ஒட்டினது. சாயம்."

மாமியார் விரலைப் பார்த்தாள், செவுளைப் பார்த்தாள். அவளுக்கு எதுவும் பிடிபட்டதாகத் தெரியவில்லை. பெரியவள் வாலைப் பிடித்தாள். கத்தி வயிற்றில் நுழைந்து ஒரே இழுப்பில் தாடை வரை போனது. அந்தக் கையின் வேகத்தை அங்கே யாரும் பார்க்காமல் இருந்திருக்க முடியாது.

மீன் திறந்துகொண்டது.

நாற்றம் ஆள் மாதிரி எழுந்து நின்றது. உள்ளே குடல் என்று ஒன்றும் மிச்சமில்லை, பழுப்புக் கூழ். மாமியார் குழந்தையின் முகத்தை மார்போடு மூடிக்கொண்டு சுவர் வரை பின்னால் போனாள். சின்னவள் மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்தினாள். பெரியவள் ஒருத்திதான் முகம் சுளிக்காமல், மீனைப் பையில் போட்டு இரண்டு முடிச்சுப் போட்டாள். பலகையைக் கழுவினாள். கத்தியைக் கழுவினாள். ஜன்னலை அகலத் திறந்துவிட்டாள்.

சூடான காற்று உள்ளே வந்து நாற்றத்தை அள்ளிக்கொண்டு போயிற்று. கொஞ்ச நேரத்தில் அறையில் ரோஜாவும் புளித்த பாலும் மட்டும்தான் இருந்தன.

மாமியார் இன்னும் அந்தத் தழும்புகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையைத் திருப்பி, மருமகளைக் கேட்டாள்.

"உங்க அக்கா என்ன வேலை பாக்கறாங்க?"

பெரியவளும் தங்கையைத்தான் பார்த்தாள். ஈரக் கையோடு, பதிலுக்காக நின்றாள்.

நாற்றம் எப்போதோ போய்விட்டிருந்தது. சின்னவள் மூக்கிலிருந்து கையை எடுக்கவில்லை.